பன்றி அதிகாரியின் விடைபெறும் உரை

ஆல்டன்பரி, நியூ ஹாம்ப்ஷயர்
1797 மார்ச் 17, வெள்ளிக்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மைத்துனர் லெமுவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை திர்சாவின் கணவன் ஜோதம் பணிவுடன் எழுதிக்கொண்டது. கர்த்தரின் கிருபையால் இங்கே நான், திர்சா, குழந்தை மூவரும் சுகம். போர்ட்ஸ்மவுத்தில் நீங்களும் வீட்டாரும் உங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் பன்றிக்கு மட்டும் நேற்றிலிருந்து வயிறு சரியில்லை. எதைத் தின்று தொலைத்ததோ தெரியவில்லை.

நிற்க. உங்கள் பத்திரிகைக்கு என்று போன வாரம் பதினோரு தாளில் ஒரு விடைபெறும் உரை எழுதி அனுப்பினேன் அல்லவா? அதை அச்சிட வேண்டாம். எழுத்துக் கோத்தாகிவிட்டது என்றால் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இது உங்கள் தங்கை கணவனின் மானப் பிரச்சினை. அடுத்த புதன்கிழமை அது வெளிவந்தால், இந்த ஊர் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு மாநிலமே சிரிக்கும்.

ஜெனரல் வாஷிங்டன்மேல் எனக்குள்ள பைத்தியம் உங்களுக்குத் தெரியும். அவர் போர்ட்ஸ்மவுத்துக்கு வந்தபோது கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்று குதிரையின் வாலை மட்டும் பார்த்துவிட்டு, அந்த வாலின் கம்பீரத்தை ஒரு வருஷம் பேசியவன் நான். இரண்டு வருஷம் முன்பு, எனக்கும் திர்சாவுக்கும் கல்யாணமாகி மூன்றே மாதத்தில், மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் என்னைப் பன்றி அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கையும் உயர்ந்தது. ஜெனரலையும் ஜனாதிபதியாக இப்படித்தானே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. கூட்டத்தலைவர், எங்கள் ஆலயத்து டீக்கன் ஓபேத், "ஜோதம் தம்பி, ஊரு உன்னத்தான் நம்பியிருக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்தேன். சேனைக்குத் தலைமை கொடுத்தபோது ஜெனரல் சொன்ன மாதிரியே, "இதற்கு எனக்குத் தகுதி போதாது" என்றேன். அவரைப் போலவே, சம்பளம் வேண்டாம் என்றும் சொன்னேன். சம்பளமே கிடையாது என்றார்கள்.

ஜெனரல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்கும்போது உள்நாட்டில் நெய்த பழுப்புத் துணியில் கோட்டுப் போட்டிருந்தாராம். திர்சாவைக் கெஞ்சி அதே பழுப்பில் நெய்யச் சொல்லி, அதைப் போட்டுக்கொண்டுதான் நானும் பதவிப் பிரமாணம் செய்தேன். வேலையிலும் குறை வைக்கவில்லை. வேலி தாண்டுகிற பன்றிக்கெல்லாம் கழுத்தில் கட்டை மாட்டினேன், மூக்கில் வளையம் போட்டேன், அடங்காததை ஊர்ப்பட்டியில் அடைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் நதியைக் கடந்து போய் எதிரிகளை வளைத்துப் பிடித்தார் ஜெனரல். நான் டிசம்பரில் ஆலை ஓடையைக் கடந்து டீக்கனின் பெண் பன்றியை வளைக்கப் போனேன். நடு ஓடையில் பனி உடைந்தது. என்னை ஏணி போட்டுத் தூக்கினார்கள். பன்றி நீந்திக் கரையேறி, நான் வீடு வந்து சேரும் முன்பே டீக்கன் வீட்டில் தீனி தின்றுகொண்டிருந்தது.

அடுத்த வருஷமும் என்னையே தேர்ந்தெடுத்தார்கள். திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். அப்புறம் போன இலையுதிர் காலத்தில் நீங்கள் அனுப்பிய பத்திரிகையில் ஜெனரலுடைய விடைபெறும் உரை வந்தது. ஏழு முறை படித்தேன், ஏழு முறையும் அழுதேன். ராஜாவைப் போல் சாகும்வரை உட்கார்ந்திருக்கலாம். இரண்டு தவணைப் பதவி போதும், வீட்டுக்குப் போகிறேன் என்கிறார் மனுஷர். நானும் இரண்டு தவணையோடு விலகுவதென்று அன்றே முடிவு செய்து எழுத உட்கார்ந்தேன். கோஷ்டி வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தார். வேலி கட்டுவோர், கட்டாதோர் என்று பிரிய வேண்டாம் என்று நான் எழுதினேன். அந்நிய நாடுகளோடு நிரந்தரக் கூட்டு கூடாது என்றார். பக்கத்து ஊர்ப் பன்றிகளோடு கூடாது என்றேன். குளிர்காலம் முழுக்க மெழுகுவர்த்தி செலவாயிற்று.

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். பழுப்புக் கோட்டில் எழுந்து நின்றேன். "என் சக குடிமக்களே" என்றேன்.

"உக்காரு தம்பி, இன்னும் பாலத்துக்குப் பலகை வாங்குறதே முடியல" என்றார் டீக்கன்.

உட்காரவில்லை. நாலாவது தாளில், "மூன்றாம் முறை என்னை வற்புறுத்தாதீர்கள்" என்ற இடம் வந்தது. கண் கலங்கிவிட்டது, எனக்கு.

"ஒன்ன யாருப்பா வற்புறுத்துனா? இந்த வருஷத்துக்குத்தான் கொல்லன் சைலஸ் இருக்கானே. ஜனவரியிலதான கல்யாணம் பண்ணான்!" என்றார் டீக்கன்.

"அவன் கல்யாணத்துக்கும் பன்றிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன் நான்.

மச்சான், மண்டபமே சிரித்த சிரிப்பில் கூரை பறந்துவிட்டது. புது மாப்பிள்ளையைப் பன்றி அதிகாரியாக்கிக் கேலி செய்வது இந்தப் பக்கத்தில் காலகாலமாக உள்ள வழக்கமாம். வாலிபம் முழுக்கக் கப்பலில் பீப்பாய் செய்துகொண்டிருந்த எனக்கு அதை யார் சொன்னார்கள்? இரண்டாம் வருஷம் ஊரில் கல்யாணமே நடக்கவில்லை, ஆகவே பழைய மாப்பிள்ளையே தொடர்ந்தேன். மிச்சம் ஏழு தாளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் திர்சாவிடம், "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாளே தெரியும்ங்க."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னீங்களே, அப்ப உங்க மொகத்தப் பாத்துட்டு எப்பிடிங்க சொல்றது?" என்றாள். கோட்டை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டே, "உங்களுக்கு முன்னாடி எத்தன மாப்பிள்ளைங்க இந்தப் பதவியில இருந்திருக்காங்க! ஒருத்தராவது ஒரு பன்னியத் தொட்டிருப்பாங்களா? ஆளுக்கு ஒரு கோப்ப ஆப்பிள் சைடர் வாங்கிக் குடுத்து, சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நீங்கதான் நெஜமாவே போயிப் புடிச்சீங்க" என்றாள்.

இது புகழ்ச்சியா இல்லையா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊர் சிரிக்கட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அவள் அண்ணன் பத்திரிகையிலேயே புருஷன் கோமாளியாக வந்தான் என்றால் அவள் ஆலயத்தில் எந்த முகத்தோடு உட்காருவாள்? ஜெனரல் இந்நேரம் மவுண்ட் வெர்னனில் உள்ள தம் பண்ணை வீட்டுக்குத் திரும்பியிருப்பார். நானும் பொதுவாழ்விலிருந்து நிரந்தரமாக விலகிவிட்டேன். இனி என் கையில் அதிகாரம் என்ற பேச்சே கிடையாது.

அண்ணியாருக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதமும், புத்தியுள்ள உறவினர்கள் கிடைக்க ஜெபமும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஜோதம்

பி.கு.: சனிக்கிழமை காலை. தபால்காரர் இன்னும் வராததால் பிரித்து எழுதுகிறேன். வியாழனன்று டீக்கனின் மேப்பிள் தோப்பில் பன்றிகள் புகுந்து, சர்க்கரை காய்ச்ச மரச்சாறு பிடிக்க வைத்த நாற்பது வாளியையும் உருட்டிக் குடித்துவிட்டனவாம். சைலஸ் பிடிக்கப் போய்ச் சேற்றில் விழுந்து படுக்கையில் கிடக்கிறான். இன்று விடிந்ததும் டீக்கனும் ஆறு பேரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். "தம்பி, கேலியெல்லாம் போதும். ஒன்ன விட்டா ஆளு இல்ல" என்றார் டீக்கன். இந்த முறை யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. மூன்றாம் தவணையை ஜெனரல் மறுத்தார், உண்மைதான். நான் அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே ஒத்துக்கொண்டேன்.

ஆகவே உரையைத் தாராளமாக அச்சிடுங்கள். விடைபெறுகிற இடங்களை மட்டும் எடுத்துவிடுங்கள். எப்படியும் அரைத் தாள் தேறும்.

இன்னொன்று. கோட்டை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்ச் சேற்றில் கால்தடம் பார்த்தேன். முன்னால் போன தடம் எங்கள் வீட்டுப் பன்றியுடையது. வயிற்றுவலி எதனால் என்று புரிந்தது. பன்றித் தொழுவத்துக் கதவின் கொக்கியை யார் எடுத்தது என்று திர்சாவைக் கேட்டேன். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, நிமிராமல், "ஒங்க அரும ஊருக்குத் தெரிய வேணாமாங்க?" என்றாள்.

மச்சான், இந்தப் பின்குறிப்பை மட்டும் அச்சிட்டுவிடாதீர்கள்.