லில்லியின் கண்ணும் அக்காவின் சீயக்காயும்

பவானிபூர், கல்கத்தா
சித்திரை மாசம்

தேவரீர் அத்திம்பேர் ராஜாராமையர் அவர்கள் பாதங்களுக்கு மைத்துனன் சுந்தரேசன் நமஸ்கரித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் காமுவும் சௌக்கியம். அங்கு தங்கள், அக்கா, குழந்தைகள் சௌக்கியத்துக்கு எழுதவும். சௌக்கியம் என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. நான் பட்ட பாடு பகவானுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஆபீஸ் துரை டார்ஜிலிங் போகும்போது தம் நாய் லில்லியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவருக்கு உயிரே அதுதான்; அதற்கு ஒன்று ஆனால் என் உத்தியோகம் அம்பேல். வெயிலில் அதன் கண் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். உடனே காமு, "உடம்புச் சூடுன்னா! எண்ணெய் தேச்சு விட்டா அடங்கிடும், பொட்டைநாய்தானே, வெள்ளிக்கிழமையே தேச்சுடலாம்" என்றாள். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். நல்லெண்ணெய் வரைக்கும் லில்லி சாதுவாய்த்தான் இருந்தது. அப்புறம் அக்கா திரித்தனுப்பிய சீயக்காய்! கண்ணில் பட்டதும் வீல் என்று கத்திக்கொண்டு ஓடி, காலால் பிறாண்டிப் பிறாண்டி, மறுநாள் பார்த்தால் கருவிழியில் வெள்ளையாய்ப் புண்.

குதிரைவண்டி வைத்து மிருக வைத்தியசாலைக்கு ஓடினேன். பெங்காலி டாக்டர், "கண்ணில் என்ன விழுந்தது, சுந்தரேஷ் பாபு?" என்றார். தூசி என்றேன். அவர் நாயின் தலையை முகர்ந்து, அடுக்கடுக்காய்த் தும்மினார். சொட்டு மருந்துக்கு அடங்காதாம், தைக்க வேண்டுமாம். நாய்க்கு மூக்கோரம் மூன்றாவது இமை ஒன்று இருக்கிறது அத்திம்பேர், நமக்கெல்லாம் கொடுக்காமல்! அதை இழுத்துப் புண்மேல் மூடி, மேலிமையோடு தைத்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஆறிவிடுமாம். குளோரபாரம் லில்லிக்குத்தான் கொடுத்தார்கள். தலையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் கொஞ்சம் வந்து சேர்ந்தது. கண் விழித்தபோது தையல் முடிந்து, அது என் மூஞ்சியை நக்கிக்கொண்டிருந்தது. அழுதே விட்டேன். வீட்டில் அது பிறாண்டாமலிருக்க, முறத்தில் ஓட்டை போட்டு மூன்று வாரம் கழுத்தில் மாட்டிவைத்தோம்.

இன்று காலை தையலைப் பிரித்தார்கள். கருவிழி பளிச்சென்று இருக்கிறது. என்னைப் பார்த்து வாலை ஆட்டிற்று, போன உயிர் திரும்பி வந்தது. இனி இந்த வீட்டுப் படியில் சீயக்காய் ஏறாது என்று காமு தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகையால் அக்கா அனுப்பவிருக்கும் மூட்டையை நிறுத்தவும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சுந்தரேசன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் துரை வந்துவிட்டார். கண்ணைப் பார்க்கவேயில்லை. லில்லியின் முதுகைத் தடவி, "ரோமம் இப்படி மினுங்க என்ன செய்தாய்?" என்றார். அப்போதுதான் காமு வாயைத் திறந்தாள். கண்தான் தைத்திருக்கிறதே என்று எனக்குத் தெரியாமல் வெள்ளிதோறும் ஸ்நானத்தை நடத்தியிருக்கிறாள்! எண்ணெயும் சீயக்காயும்தான் என்று துரையிடம் உளறிவிட்டேன். துரை தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். இனி சனிக்கிழமைதோறும் தமக்கும் அதே ஸ்நானம் வேண்டுமாம். மூட்டையை உடனே அனுப்பவும். துரைக்கு மூன்றாவது இமை கிடையாது. அக்காவைக் கொஞ்சம் பார்த்துத் திரிக்கச் சொல்லவும்.