செவ்வாய்க்கிழமை எதிரி

"ஜெயிச்சுட்டோம்! இங்க கட்டலையாம்!" என்று சங்கத் தலைவி நோரீன் மேசையைத் தட்டினார். தீயணைப்பு நிலையத்துக் கூடமே எழுந்து ஆரவாரம் செய்தது. வெர்லின் மட்டும் வாயிலிருந்த உருளைக்கிழங்கை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

இந்தியானாவில் ஹேசல் ஃபோர்க் என்ற அந்த மக்காச்சோளக் காட்டு ஊருக்கு ஏஐ டேட்டா சென்டர் வரப்போகிறது, கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சிவிடும், ராப்பகலாக உறுமும் என்றுதான் சங்கமே பிறந்தது. செவ்வாய்தோறும் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். யாரும் குறுக்கிடக் கூடாது. மனைவி இறந்தபிறகு வெர்லின் பேச்சைக் கேட்க வீட்டில் ஒரு நாய்கூடக் கிடையாது. கட்ட வந்த கம்பெனி ஓடிப்போனால் அவருடைய செவ்வாய்க்கிழமையும் ஓடிப்போகும்.

"நம்பாதீங்க, திரும்பி வருவாங்க! அடுத்த வாரமும் கூடுவோம்," என்றார்.

"நிலத்தையே வித்துட்டுப் போயிட்டாங்க வெர்லின். நிம்மதியா தூங்குங்க," என்ற நோரீன், வீட்டு வாசல்களில் நட்டிருந்த 'வேண்டாம்' பலகைகளை மறுநாளே பிடுங்கிக்கொண்டு போனார். வெர்லின் வீட்டு வாசலில் இருந்ததையும் விடவில்லை.

வெர்லின் பக்கத்து வீட்டு டெல்பர்ட்டுக்குப் போன் போட்டார். "உர்ர்னு ஒரே சத்தம்ப்பா! கம்பெனிக்காரங்க கமுக்கமா ஏதோ மெஷின் ஓட்டறாங்க!"

"ஒரு செங்கல்கூட வைக்கலையே, எதை ஓட்டுவாங்க?"

"நீயே வந்து கேளு! சங்கத்தை உடனே கூட்டணும்."

டெல்பர்ட் வந்தார். சுவர் சுவராகக் காதை வைத்துக்கொண்டே போய் சமையலறையில் நின்றார்.

"யோவ், இது உன் ஃபிரிட்ஜ்!"

"கொஞ்சம் உக்காரு, காபி போடறேன்."

"அதெல்லாம் வேணாம்யா," என்ற டெல்பர்ட், ஃபிரிட்ஜை நகர்த்தி ஏதோ திருகினார். சத்தம் நின்றது. அவரும் கிளம்பிவிட்டார்.

வீட்டில் துணைக்கு இருந்த ஒரே சத்தமும் போய்விட்டது. வெர்லினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கம்பெனிக்கே போன் செய்தார்.

"ஹேசல் ஃபோர்க்லேருந்து பேசறேம்மா. பேரு கேக்காதீங்க. நாங்க கத்தினதுக்கெல்லாம் பயந்து போயிடலாமா? திரும்பி வாங்க."

"கட்டவே மாட்டோம் சார். முடிவு பண்ணியாச்சு," என்றாள் போனை எடுத்த பெண்.

"கட்ட வேணாம்மா! கட்டப்போறோம், கட்டப்போறோம்னு சொல்லிக்கிட்டு மட்டும் இருங்க, போதும்."

மறுமுனையில் அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள்.

"உங்க சங்கத் தலைவி நோரீன் அம்மாவும் காலையிலேருந்து இதையேதான் சார் கெஞ்சறாங்க, நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள போன் பண்ணிப் பேசிக்கக் கூடாதா?"