சாம்பிள் அண்ணே பிரித்துப் பார்த்த கேம்கள்

வீடியோ கேமையும் மோந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் போடிநாயக்கனூரில், எங்கள் எதிர்வீட்டில் இருந்தார்.

அவருக்கு ஏலக்காய் வியாபாரம். ஒரு கை அள்ளி, ஒரு காயை உடைத்து, மென்று பார்க்காமல் விலை பேசமாட்டார். அதனால் ஊருக்கே அவர் 'சாம்பிள் அண்ணே'. காய்கறிக் கடையில் வெண்டைக்காயை எல்லோரும்தான் உடைப்பார்கள். மருந்துக் கடையில் மாத்திரையை உடைத்தவர் இவர் மட்டுமே.

ஒரு ஐப்பசி வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியே கூப்பிட்டார். (என் நாட்குறிப்பில் இருக்கிறது, காலையிலிருந்து சாரல்.)

"அப்பு, வெரசா வா. கம்ப்யூட்டர் கேமெல்லாம் கால் விலைக்குத் தள்ளுறாய்ங்க. இப்ப வாங்கிப் போட்டு, ரேட்டு ஏறுனதும் வித்தா?"

"நீங்க கேம் ஆடியிருக்கீங்களாண்ணே?"

"ஏலக்காய் விக்கிறவன் என்ன, தெனமும் பாயசமா குடிக்கிறான்?"

இந்த கேம்கள் டப்பாவில் வருவதில்லை. பணம் கட்டினால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு வரும். அதை யார் தன் கணக்கில் பதிகிறாரோ, கேம் அவருக்குச் சொந்தம். ஒரே ஒரு முறைதான் பதியலாம். தள்ளுபடியில் வாங்கிய குறியீட்டைப் பதியாமல் வைத்திருந்து, விலை ஏறியபின் விற்று லாபம் பார்ப்பவர்கள் நிறைய உண்டு.

அண்ணே அதை ஏலக்காயாகவே நடத்தினார். குறியீடுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஈரம் ஏறாமல் தகர டின்னில் அடைத்தார். மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் காயவைத்தார். போடிமெட்டு மலைப்பக்கம் மழைமேகம் இறங்கினால், ஏலக்காய்க்குச் சொல்வது போலவே, "பொறு, ரேட்டு இன்னும் ஏறும்" என்பார். இரண்டு வருடம் ஒன்றைக்கூட விற்கவில்லை.

முதல் போணி முருகேசன். மெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர். எந்தக் கொண்டை ஊசி வளைவும் அசைக்காத மனிதர், டீக்கடை பெஞ்சிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டு. அவர் மனைவி அண்ணனிடம் வந்து அழாத குறை.

"சோத்துத் தட்டை ஸ்டேரிங் மாதிரி திருப்புறாருண்ணே. என் கையப் புடிச்சுக் கியரு மாத்துறாரு. இப்படியே போனா கிறுக்குப் புடிச்சிரும். மலை ரோட்டுல லாரி ஓட்டுற கேம் ஒண்ணு இருக்காம்ல?"

டின்னில் ஒன்றே ஒன்று இருந்தது.

"மொத தரம், ஆத்தா. நான் கேரண்டி. காசு பெறகு குடு, மொதல்ல ஓட்டட்டும்" என்று சீட்டைக் கொடுத்தார்.

அரை மணியில் முருகேசன் போன் செய்தார். "அண்ணே, ஏற்கெனவே பதிஞ்சாச்சுன்னு வருது. எவனோ தின்னுட்டான்!"

எனக்குச் சந்தேகம் தட்டியது. "அண்ணே, நீங்க பிரிச்சு கிரிச்சுப் பாத்தீங்களா?"

"பின்ன? பாக்காம எப்படிய்யா சரக்கை உள்ள வைக்கிறது? வாங்குன அன்னைக்கே என் கணக்குல போட்டு, படம் ஓடுதான்னு பாத்துட்டேன்ல."

"இது ஒண்ணை மட்டுந்தான?"

"எல்லாத்தையும்."

டின்னைத் திறந்தோம். சீட்டுகள் அப்பளம் போல மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. பதிந்ததைத் திருப்பி எடுக்க வழியில்லை என்று நான் சொன்னதும் அண்ணே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன வருசத்துல என் சரக்கு சொத்தைன்னு ஒருத்தன் சொன்னதில்ல அப்பு."

அப்புறம் விருட்டென்று எழுந்தார். மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு முருகேசன் வீட்டுக்கு நடந்தார். பின்னால் வயரைத் தூக்கிக்கொண்டு நான். கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லையும் சொல்லி, எல்லா கேம்களோடும் மடிக்கணினியையே முருகேசன் மடியில் வைத்தார். லாரி கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்த அண்ணே, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துச் செருப்பு வாரை அறுத்துக்கொண்டார்.

"ஆரன் அடிடா, வளைவு வருதுடா!"

கால் ஒடிந்தபின் முருகேசன் அன்றைக்குத்தான் சிரித்தார். அவர் மனைவி பணத்தை நீட்ட, அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்புட்டும் பிரிச்சுப் பாத்தது. சாம்பிளுக்கு எவனாச்சும் காசு வாங்குவானா, ஆத்தா?"

இப்போது அண்ணே மகளோடு மதுரையில் இருக்கிறார். கால் சரியான முருகேசன், தினமும் மெட்டுக்குப் போகும்போது அந்தப் பூட்டிய வீட்டுக்கு முன்னால் இரண்டு முறை ஆரன் அடிக்கிறார். அண்ணனுக்குப் பதிலாக நான் கை காட்டிவிட்டு, நாட்குறிப்பில் நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன்.