மெசின் சாமி கட்டிய நூல்

வெள்ளவத்தையில் சனிக்கிழமை காலையில் வரிசை நிற்கிறதென்றால், ஒன்றில் எங்கேயோ மலிவு விற்பனை, இல்லையென்றால் யாரோ வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். அன்று இரண்டும் இல்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஐந்து மாடிக் குடியிருப்பின் வாகனத் தரிப்பிடம் வரைக்கும் சனம். ஆளுக்கொரு மெசின். தச்சர்கள் கிரைண்டரைக் கைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். ட்ரில்லைச் சேலைத் தலைப்பால் மூடி, கண்ணூறு படாமல் பார்த்துக்கொண்டு நின்றாள் ஒரு அம்மா. பாமன்கடையிலிருந்து மிக்ஸியோடு ஒருத்தி வந்திருந்தாள். சம்பலுக்கும் கண்டம் வரலாம், யார் கண்டது?

எல்லோரும் காத்திருந்தது மெசின் சாமிக்கு.

சாமி இமயமலையில் இருந்து வந்தவர் என்றார்கள் சிலர். கொல்லிமலை என்றார்கள் வேறு சிலர். மலை என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. வருசத்தில் ஒருநாள் ஆயுத பூசை செய்து சந்தனம் பூசிவிட்டால் போதாதாம். மிச்ச நாள்களில் மெசின் கடிக்குமாம். அதற்குக் கட்டுப் போட உலகத்தில் ஒரே ஆள் இவர்தானாம்.

சாமியை அழைத்தவர் குடியிருப்புச் சங்கத் தலைவர் சவுந்தரநாயகம். தரிப்பிடத்து ஓரத்தில் நிற்கும் மாரா மரத்தின் பெரிய கொப்பு ஒன்று அவருடைய காருக்கு நேர்மேலே சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதை வெட்டுவதாக ஏற்பாடு. வெட்டப் போகிறவன் கொட்டாஞ்சேனை புஷ்பராஜ்.

"மரம் வெட்டுறவனுக்கு ஏதும் நடந்தால் பொலிஸ், கோட்டெண்டு நாங்கள்தானே அலையவேணும்?" என்றார் சவுந்தரநாயகம். "சாமியைக் கொண்டு ஒரு கட்டுப் போட்டால் ரெண்டு பக்கத்துக்கும் நிம்மதி." காருக்கு மட்டும் அவர் கட்டை நம்பவில்லை. காலையிலேயே அதை அடுத்த ஒழுங்கைக்கு நகர்த்திவிட்டார்.

புஷ்பராஜின் மனைவி துஷ்யந்தி, ஒழுங்கை முகப்பில் உள்ள ஷிப்லி நானாவின் கடையில் வேலை செய்பவள். மெசின்களை வாடகைக்கு விடும் கடை. திரும்பி வருவதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மரம் அறுக்கும் செயின் சோவுக்குப் பல் தீட்டி வைப்பது அவள் வேலை. தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் அவளும் வந்து வரிசை ஓரமாக நின்றாள். புருசன் முதல் ஆளாக நின்றதைக் கண்டதும் தேத்தண்ணி கசந்தது.

சாமி வந்தார். காவி, உருத்திராட்சம், கறுப்புக் கண்ணாடி. சீடன் ஒரு செயின் சோவை இழுத்து உயிர்ப்பித்தான். மெசின் உறுமியது. புகை கிளம்பியது. சாமி "ஓம்!" என்று கத்திவிட்டு, உறுமுகிற மெசினின் செயின்மேல் வெறுங்கையை வைத்தார்.

ஒரு கீறல் இல்லை.

"அரோகரா!" என்றது சனம். மிக்ஸிக்காரி அழுதேவிட்டாள். துஷ்யந்தியின் மூக்கில் மட்டும் ஏதோ கருகும் மணம் ஏறியது. கற்பூரம் இன்னும் கொளுத்தவில்லையே என்று யோசித்தாள்.

பிறகு விதிகள். வலது மணிக்கட்டில் ஒன்பது முடிச்சுச் சிவப்பு நூல், இரண்டு சாண் வால் தொங்க வேண்டும், நாற்பத்தெட்டு நாள் அறுக்கக்கூடாது. அடுத்தது கண் திறப்பு. கிரைண்டர் தட்டை மூடியிருக்கும் இரும்புக் காப்பைக் கழற்றிச் சாமி காலடியில் வைக்க வேண்டும்.

"மகனே, உள்ளே இருப்பவள் அம்பாள். அவள் கண்ணைக் கட்டி வைத்தால் உன்னை எப்படி அடையாளம் காண்பாள்?"

கோயிலில் சிலைக்குக் கண் திறந்ததைப் பார்த்த சனம். நியாயம்தானே என்று தலையாட்டியது. டக் டக்கென்று காப்புகள் கழன்றன.

"இதென்ன தலையில்? அவளை விட உனக்கு பிளாஸ்டிக் பெரிதா?"

புஷ்பராஜ் ஹெல்மட்டைக் கழற்றினான். முகத்துக்கு வலையும் காதுக்கு மூடியும் வைத்த செம்மஞ்சள் ஹெல்மட். துஷ்யந்தி சீட்டுப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. அது சாமியின் சாக்குக்குள் போனது. காணிக்கையாகச் சேரும் இரும்பும் பிளாஸ்டிக்கும் எந்த மலைக்குப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்கும் கடைகள் எத்தனையோ உண்டு, மலைதான் இல்லை.

மத்தியானம் சாமியின் சீடன் செயின் சோவைக் கொண்டுவந்து கடையில் போட்டான். அற்புத மெசின் ஷிப்லி நானாவின் வாடகை மெசின்தான்! துஷ்யந்தி பக்க மூடியைத் திறந்தாள். மரம் அரிந்த மெசின் என்றால் தூள் கொட்ட வேண்டும். ஒரு துகள் இல்லை. அவள் தீட்டிய பல் தீட்டியபடியே இருந்தது. ஆனால் கிளச் மட்டும் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது.

"நானா, இதப் பாருங்க."

ஷிப்லி நானா மோந்து பார்த்தார். "பிரேக்கப் போட்டுக்கிட்டே எக்ஸலேட்டர அமத்தி ஈக்கான், படுபாவி. இஞ்சின் கத்தும், செயின் அசையாது. பச்சப்புள்ளயும் கை வெக்கலாம். கிளச்சத் தின்டுட்டானே!"

வீட்டில் சொன்னாள். புஷ்பராஜ் நம்பவில்லை.

"சாமி கைய வச்சத என் கண்ணால பாத்தேன் பிள்ள."

"நீங்க கையப் பாத்தீங்க. நான் பிரேக்கப் பாத்தேன்."

"முகத்துவாரத்து இராமர் அண்ணன் ஹெல்மட் போட்டுதான் இருந்தாரு. கால் போவலயா?"

"கால்தான் போச்சு. தலை இருக்குல்ல? இன்னும் வாயாடிக்கிட்டு தானே இருக்காரு?"

அவன் சிரிக்கவில்லை. நூலைத் தடவிக்கொண்டு சொன்னான்: "அவரு மரத்துலேருந்து விழுந்தத நான் பாத்தேன். அன்னையிலேருந்து மரத்துல கால வச்சாலே நடுங்குது. இதக் கட்டினதும் பயம் போயிருச்சு."

துஷ்யந்தி தொங்கிய நூல் வாலைப் பிடித்தாள். "பயம் இருக்கட்டும்ங்க. பயம் இருந்தாத்தான் இடுப்புல கயிறு கட்டுவீங்க. இந்த வால் செயின்ல மாட்டினா கையையும் சேத்து இழுக்கும். அறுத்துப் போடுங்க."

"நாப்பத்தெட்டு நாள்" என்றான் அவன். அத்தோடு கதை முடிந்தது.

ஞாயிறு காலை. மீண்டும் அதே தரிப்பிடம், நேற்றைக்கு இரண்டு மடங்கு சனம். வெறுந்தலையும் சிவப்பு நூலுமாக புஷ்பராஜ் மாரா மரத்தடியில் நின்றான். சாமி கற்பூரம் காட்டப் போகிற நேரம், ஒரு கையில் செயின் சோவும் மறு கையில் பூசணிக்காயுமாக துஷ்யந்தி வந்தாள். தலையில் கடை ஹெல்மட், கையில் உறை, காலில் சப்பாத்து. துப்பட்டாவைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டாள். பின்னால் ஷிப்லி நானா, தோளில் இரண்டு மணல் மூட்டைகளோடு.

"சாமி, ஒரு சின்ன வேண்டுதல். இந்தப் பூசணிக்காய்க்கும் ஒரு கட்டுப் போடுங்க."

"காய்க்கா?" சாமி முழித்தார்.

"மிக்ஸிக்கே போட்டீங்களே சாமி" என்றாள் பாமன்கடைக்காரி. அவளுக்குக் கள்ளமில்லை.

சனம் பார்த்துக்கொண்டிருக்க மறுக்க முடியுமா? ஒன்பது முடிச்சு, இரண்டு சாண் வால். கட்டினார். துஷ்யந்தி காயை மணல் மூட்டைகளுக்கிடையில் இறுக்கி வைத்தாள். சனத்தைப் பத்தடி பின்னால் தள்ளினாள். மெசினை நிலத்தில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். முன்னால் இருந்த பிடியைத் தள்ளிவிட்டு, எக்ஸலேட்டரைச் சற்று அமத்திக் காயின்மேல் வைத்தாள். உறுமல்தான். காய் அப்படியே இருந்தது.

"அரோகரா!"

"இருங்க. இதுதான் சாமி காட்டினது." பிடியைத் தன் பக்கம் இழுத்தாள். டக் என்றது. "இப்ப பிரேக் இல்ல."

கண் மூடித் திறப்பதற்குள் பூசணிக்காய் இரண்டு. அதுமட்டுமா! நூலின் வாலைச் செயின் பிடித்தது, ஒன்பது முடிச்சையும் உள்ளே இழுத்தது, பாதிக் காயைத் துள்ளவைத்து மூட்டைக்கு மேலால் தூக்கி எறிந்தது. விதைகள் சவுந்தரநாயகத்தின் வெள்ளை வேட்டியில் விழுந்தன.

துஷ்யந்தி மெசினை நிற்பாட்டினாள். புஷ்பராஜ் உருண்டுவந்த பாதிக் காயைப் பார்த்தான். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

சாமிகளுக்கு வாய் செத்துப்போவதில்லை. "பெண் தொட்டதால் கட்டு அவிழ்ந்தது! தீட்டு!" என்று கர்ஜித்தார்.

நம்பமாட்டீர்கள், சனம் "ஓம், அதுவும் சரிதான்" என்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது.

ஷிப்லி நானா குறுக்கே வந்தார். "சரி சாமி. நீங்க பொம்பிள இல்ல தானே? பிரேக் இல்லாம நான் ஸ்டாட் பண்ணித் தாறன். நேத்து மாதிரி கைய வெச்சிக் காட்டுங்களே."

சாமி ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொன்று. கால் கழுவிவிட்டு வருவதாகச் சொன்னார். வாசலில் ஓட்டோவுக்குள் பாய்ந்தபோது இமயமலைத் தமிழ் எங்கேயோ பறந்துபோய், "யமு மல்லி, இக்மனட்ட யமு!" என்று சீக்கிரம் போகச் சொல்லிச் சுத்தச் சிங்களத்தில் சாரதியைக் கெஞ்சியது எல்லோருக்கும் கேட்டது. சீடன் சாக்கைப் போட்டுவிட்டு மற்றப் பக்கமாக ஓடினான். "பிடி! பிடி!" என்று கத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் சாமியைத் துரத்தவில்லை, அவரவர் காப்பைத் தேடிச் சாக்குக்குள் தலையை விட்டார்கள்.

புஷ்பராஜ் துஷ்யந்தியிடம் வந்தான். முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான்.

"கத்தரிக்கோல் இருக்கா பிள்ள?"

இருந்தது. அறுத்தாள். அவன் கொப்பை அண்ணாந்து பார்த்தான்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. கயித்தக் கட்டுங்க. நான் கீழ நின்னு பாத்துக்கிறேன்."

சாக்கிலிருந்து செம்மஞ்சள் ஹெல்மட்டை மீட்டுப் போட்டுக்கொண்டு, இடுப்பில் இரட்டைக் கயிறோடு அவன் ஏறினான். பதினொரு மணிக்குள் கொப்பு துண்டு துண்டாக நிலத்தில் கிடந்தது. ஆள் முழுசாக இறங்கி வந்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் வெள்ளவத்தைக்குப் பெருமை. சவுந்தரநாயகம் வீட்டுக்குள் போய் ஒரு ட்ரில்லைப் பெட்டியோடு கொண்டுவந்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. உங்கட கையிலதான் ஏதோ ராசி இருக்குப் போல. இதையும் ஒருக்கால் தொட்டுத் தாங்கோவன்."

அவருக்குப் பின்னால் கிரைண்டர்களோடு ஏற்கெனவே ஐந்தாறு பேர். ஒருத்தி பூசணித் துண்டைப் பத்திரமாகத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

துஷ்யந்தி ட்ரில்லைத் தொடவில்லை. அது வந்த பெட்டிக்குள், பிரிக்காமல் கிடந்த தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஐயா, இதுல மூணு பாஷையில எழுதியிருக்கு. கண்ணாடி போடு, நூல், மாலை, தொங்கிற துணி ஒண்ணும் கிட்ட வேணாம், மூடியக் கழட்டாத. வாசிங்க. ஹெல்மட்டு செய்றவன் எல்லார் தலைக்குள்ளயும் ஏதோ இருக்குன்னு நம்பித்தான் செய்றான். அவன் நம்பிக்கையையாவது காப்பாத்துங்க."