பச்சைத் தட்டு, வெள்ளைத் தட்டு

ருசி பார்த்த மூன்றாவது ஆளும் வெள்ளைத் தட்டையே காட்டியதும் விற்பனைப் பிரதிநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் அவருடைய ஸ்டால். பச்சைத் தட்டில் இருந்தது காட்டை அழிக்காத தோட்டத்திலிருந்து வரும் அவர் கம்பெனி பாமாயிலில் பொரித்த சிப்ஸ். வெள்ளைத் தட்டில் இருந்தது சாதாரண பாமாயில் சிப்ஸ். இரண்டின் முன்னாலும் அட்டையில் அப்படியே எழுதியிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள பச்சை ஜெயிக்கணும். இல்லன்னா நாளைக்கு ஸ்டாலும் கிடையாது, நீங்களும் கிடையாது" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து, மனைவி காலையில் ஸ்டாலுக்கே கொண்டுவந்து வைத்த டிபனைக்கூட அவர் தொடவில்லை.

"ஆறிப்போச்சோ என்னவோ. ரெண்டையும் புதுசா போடுங்கக்கா" என்றார், தடுப்புக்குப் பின்னால் பொரித்துக்கொண்டிருந்த அக்காவிடம்.

சுடச்சுட வந்தது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் நிதானமாக மென்றார்.

"வெள்ளைதான்."

"ஏன் சார்? எங்க வீட்லயே பச்சைத் தட்டு எண்ணெய்தான் ஊத்துறோம்."

"காட்டையும் காப்பாத்தணும், ருசியும் வேணும்னா எப்படிப்பா?"

பெரியவர் அந்தப் பக்கம் போனதும் பிரதிநிதி சத்தமில்லாமல் தட்டுகளில் இருந்த சிப்ஸை இடம் மாற்றினார். செய்யக்கூடாததுதான். வேலை போய்விடுமே.

அடுத்து வந்த அம்மாவும் வெள்ளையைக் காட்டினாள். "பச்சையில ஏதோ தழை வாசனை அடிக்குதுங்க."

தழை வாசனையா? பச்சையில் இப்போது இருப்பது மற்ற எண்ணெய் ஆயிற்றே. பயத்தையும் மீறி அவருக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. ருசி நாக்கில் இருக்கிறதா, தட்டில் இருக்கிறதா? ஒரே மாதிரி இரண்டு தட்டுகளில் சிப்ஸைக் கொட்டினார். கண்ணை மூடிக்கொண்டு தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தார். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று தின்று பார்த்தார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் எது எந்தத் தட்டு என்றும் தெரியவில்லை.

எதிரே மேனேஜர் நின்றார்.

"என்ன, ஜெயிச்சாச்சா? இதுல எது நம்மது?"

பிரதிநிதி இரண்டு தட்டுகளையும் ஓரமாகத் தள்ளினார். "இது ஆறிடுச்சு சார். அக்கா, சாருக்குத் தனித்தனியா ரெண்டு எண்ணெய்லயும் சூடா போட்டுக் குடுங்க."

அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"காலையிலேருந்து ரெண்டு தட்டுக்கும் நம்ம எண்ணெய்தான் சார் ஓடுது. அந்த இன்னொரு டின்னைத்தான், டிபன் கொண்டுவந்த உங்க வீட்டம்மா, 'எங்க வீட்ல எப்பவும் இதைத்தான் ஊத்துறோம்'னு தூக்கிட்டுப் போயிட்டாங்களே."