அப்பா கவலைப்படும் நாடு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, அப்பாவுக்கு உலகம் வலிக்கிறது, மற்றபடி சௌக்கியம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம். எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

"அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?" என்று போன தடவை கேட்டாய். கேட்கவில்லை. நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றாரே, அதற்குப் பிறகு இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட உன் பேரை எடுத்ததில்லை. ஆனால் நீ இருக்கும் நாட்டின் பேரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுக்கிறார். எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் யாரென்று தெரியாத மனிதருக்கு, உங்கள் போக்குவரத்து அமைச்சர் ராஜினாமா செய்ததும் தெரியும், ஏன் செய்தார் என்பதும் தெரியும். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைத்தபடியே, "அங்க பஸ் ஸ்டிரைக்காம். வேலைக்குப் போறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். "நடந்து போவாங்க" என்றாள் அம்மா. "மைனஸ் ஆறு டிகிரில நடப்பாங்களா? கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா உனக்கு?" என்று பாதியில் எழுந்து போய்விட்டார். கேட்டால் உலக விவகாரம் என்பார்.

இந்த லட்சணத்தில் நான் வேறு ஒரு வேலை செய்தேன். எங்கள் அச்சகத்தில் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரொட்டியாக அடித்தோம். முப்பது பிரிவுகள், மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தவள் நான். ஒரு கட்டு மட்டும் வெட்டும் இயந்திரத்தில் தவறாகப் போய்க் கடைசி இரண்டு பிரிவுகள் துண்டாகிவிட்டன. குப்பைக்குப் போகவிருந்ததில் ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் உறைத்தது, கடமைகளைப் பற்றிப் பேசுவது இருபத்தொன்பதாவது பிரிவு. ஆக, நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது வெறும் உரிமைகள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபத்துநாலில் வந்து நின்றாள். ஓய்வுக்கான உரிமை. "இது பொம்பளைங்களுக்கும் உண்டாடி?" என்று கேட்டாள். எல்லோருக்கும்தான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்பா, "காபி?" என்றார். "இருபத்துநாலு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அவரே போய்ப் பாலைப் பொங்கவிட்டு, பாத்திரத்தைக் கருக்கி, அடுப்பை அணைத்து, கடைசியில் வெந்நீர் குடித்தார். அந்தக் கோபத்தில் டிவி சத்தத்தைக் கூட்டினார். குறைக்கச் சொன்னால் பத்தொன்பது என்கிறார், எல்லைகளைத் தாண்டித் தகவல் பெறும் உரிமையாம். நான் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டேன். என் அறையும் என் கடிதங்களும் என்னுடையவை. அவர் கதவைத் திறந்துவிட்டு அப்புறம் தட்டுகிறார். "யாருக்கு எழுதறே?" "பன்னிரண்டுப்பா." "நான் கேக்கலியே. ஸ்டாம்பு போதுமான்னு பாத்தேன்."

முப்பது வருஷம் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவர் அல்லவா, ரிடையர் ஆன பிறகும் பெட்டியோடு வாசலில் யார் நின்றாலும் "வாங்க"வுக்கு முன்னால் "எத்தனை நாள் தங்குவீங்க?" என்றுதான் வருகிறது. மாமா போன மாதம் அதைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார். பிரகடனத்துக்கும் இவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். ஒட்டிய மறுநாளே அதன்மேல் ஓர் ஆணி அடித்துக் காலண்டரை மாட்டிவிட்டார். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை மறைந்துபோனது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அக்கா. நேற்றுச் செய்தியில் ஏதோ ஓர் எல்லையைக் காட்டினார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், கையில் ஒரு பை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள விட்டா இவங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?" என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் உன் அறைக் கதவைத் திறந்துவைத்தாள். "காத்து வரட்டும்" என்றாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, உனக்கே தெரியும். நான் திருத்தும் அறிக்கைகளில் மனிதர்கள் லட்சக்கணக்கில் வருகிறார்கள். ஒரு லட்சம் பேருக்காக யாரும் கதவைத் திறந்துவைத்துப் பார்த்ததில்லை.

ஆகவே எதையும் எதிர்பார்க்காதே. லீவு எதுவும் கேட்டுவைக்காதே. "அவரா கூப்பிடாம வரமாட்டேன்" என்று நீ சொல்லியிருக்கிறாய், அவர் கூப்பிடப்போவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். அத்தானுக்கு என் அன்பு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், அடுத்த வாரம் அங்கே காற்று பலமாம். யார் சொன்னது என்று கேட்காதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
தங்கை

பின்குறிப்பு: மேற்படி கடிதம் உறை ஒட்டப்படாமல் மேஜைமேல் இருந்ததால் என்னால் பரிசோதிக்கப்பட்டது. பன்னிரண்டாம் பிரிவை மீறியதற்கு வருந்துகிறேன். பால் பொங்கியது உண்மை, மற்றவை மிகைப்படுத்தப்பட்டவை. காலண்டருக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியாது என்று உன் தங்கை எண்ணியது தவறு. ஒன்பதாம் பிரிவு. யாரையும் தன் இஷ்டத்துக்குக் காவலில் வைக்கவோ நாடு கடத்தவோ கூடாது. முதல் நாளே படித்தேன். படித்துவிட்டுத்தான் ஆணி அடித்தேன். இன்று காலை காலண்டர் சமையலறைக்கு மாற்றப்பட்டது. உன் அம்மா கையால் காபி கிடைத்தது. நீயும் மாப்பிள்ளையும் புறப்பட்டு வரவும். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்கப்படமாட்டாது.

அப்பா