வராத புயலும் வராத விருந்தினரும்

ஒரு பெண்பிள்ளையின் அரங்கேற்றத்தை நான் கெடுத்தேன். பகையால் அல்ல, பொறாமையால் அல்ல, ஒரு தொலைபேசியால். ஒஸ்லோவுக்குப் புயல் வருகிறது என்று ஊரெல்லாம் சொன்னேன். அது வராது என்று தெரிந்த பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே சில இடங்களில் உங்களுக்குச் சிரிப்பு வரக்கூடும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஒஸ்லோவில் ஒரு சின்னஞ்சிறு தீவு நாட்டின் தூதரகத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். (நாட்டின் பெயர் வேண்டாம். அந்தச் சனங்கள் என் கதையில் வந்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு எந்தப் பாவமும் செய்யவில்லை.) வந்த தபாலைப் பிரிப்பது, படிக்கட்டில் பனி வழிப்பது, தூதுவருக்குத் தேநீர் கொடுப்பது, இவைதாம் என் உத்தியோகம். ஆனால் டை கட்டிக்கொண்டு போவேன். நகரத்து ஓரத்தில், அம்மருட் என்ற இடத்தில், எங்கள் அடுக்குமாடியில் இருந்த தமிழர்களில் பஸ் ஓட்டுபவர்களும், உணவகச் சமையலறையில் நிற்பவர்களும், விடியுமுன் அலுவலகங்களைத் துடைப்பவர்களுமே அதிகம். டை கட்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே தூதுவருக்கு அடுத்த ஆள் நான்தான் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்' வேறு. இந்த மதிப்பை நான் கேட்டு வாங்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

எங்களுக்குக் கீழ்வீட்டில் சிவம் இருந்தார். பஸ் சாரதி. அவருடைய மகள் அபிராமி அங்கேயே பிறந்தவள், நடக்கப் பழகியதிலிருந்து பரதம் பழகியவள். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அரங்கேற்றம் என்று நாள் குறித்தார்கள். பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் சென்னையிலிருந்து வருகிறார்கள். நானூறு பேருக்குச் சாப்பாடு. எல்லாம் சரி, பிரதம விருந்தினர்தான் குறை.

பிரதம விருந்தினர் இல்லாமல் எங்கள் ஆட்கள் அரங்கேற்றம் வைப்பதில்லை. ஒஸ்லோவில் இருந்த தமிழ் மருத்துவர்கள் எல்லோரும் அதற்குள் மற்றவர்களின் அரங்கேற்றங்களில் முடிந்துபோயிருந்தார்கள். நகரசபை உறுப்பினர் ஒருவர் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் ஒரே பேச்சைப் பேசிவிட்டுப் போயிருந்தார். சிவம் மேலே வந்தார்.

"மாஸ்டர், உங்கடை தூதுவர் அம்மா வருவாவோ?"

"ஏன் வராமல்?" என்றேன் நான். தேநீர் கொடுப்பவன்.

"நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டா என்ன?"

"அதெல்லாம் நான் பாக்கிறன். நீங்கள் அழைப்புக் காட்டை அடியுங்கோ."

அவரும் அழைப்பிதழ் அடித்துவிட்டார். 'மாண்புமிகு தூதுவர்' என்று தங்க எழுத்தில். மாண்புமிகு தூதுவருக்குத்தான் தெரியாது.

கேட்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் அவர் அறைக்குள் போனேன். ஆங்கிலத்தில் வாக்கியத்தை அடுக்கிக்கொண்டு போவேன். மேடம் கண்ணாடிக்கு மேலால் நிமிர்ந்து பார்ப்பார். "தேநீருக்குச் சீனி போடட்டுமா, மேடம்?" என்று கேட்டுவிட்டு வெளியே வருவேன். அந்த மாதம் மேடம் குடித்த தேநீர் அவர் உடம்புக்கு ஆகியிருக்காது.

அரங்கேற்றத்துக்கு முந்திய புதன்கிழமை தொலைக்காட்சியில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். மேற்குக் கரைக்குத்தான். ஒஸ்லோவில் காற்றுப் பலமாக இருக்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி. நோர்வேக்காரர் எவரும் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் எங்கள் மேடம் சூறாவளி நாட்டுக்காரி. சின்ன வயதில் படுத்திருக்கும்போதே வீட்டுக்கூரை பறந்துபோய் வானத்தைப் பார்த்தவர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

வரவேற்பு மேசையில் இருந்த தூரிட் என்ற நோர்வேப் பெண்மணி சொன்னார்: "இங்கே ஒன்றும் வராது. மரத்தில் நாலு இலை விழும்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் புயல் பார்த்த ஊர்க்காரர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். தூதரகம் மூடினால் தூதுவர் வெளியே வர முடியாது. தூதுவர் வர முடியாவிட்டால், நான் கேட்கவே இல்லை என்பதும் வெளியே வராது. யன்னலால் வானத்தை வெகுநேரம் பார்த்தேன். "மேடம், எங்கள் ஊரில் புயலுக்கு முந்திய நாள் வானம் இதே நிறத்தில்தான் இருக்கும்" என்றேன். (ஒஸ்லோவின் ஐப்பசி வானம் எல்லா நாளும் அந்த நிறத்தில்தான் இருக்கும்.)

பிறகு நடந்ததற்கு நான்தான் தளபதி. தூதரகம் ஒரு பழைய மாடி வீடு. அதன் யன்னல்களுக்கெல்லாம் பொதி ஒட்டும் பழுப்பு நாடாவைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டினேன். கோப்புகளைக் கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி மேல்மாடிக்குத் தூக்கினேன். மேடத்தின் நாட்டில் புயலென்றால் முதல் வேலை தண்ணீர் பிடித்து வைப்பது. குளியல் தொட்டி நிறைந்தது. வாளிகள் நிறைந்தன. தேநீர்க் கேத்தல், பூச்சாடிகள், கடைசியில் விருந்துக்கு மட்டும் எடுக்கும் சூப்புக் கிண்ணம் வரையில் நிரப்பினேன். "இந்த நகரத்தில் குழாயில் தண்ணீர் நின்று நான் கண்டதில்லை" என்றார் தூரிட். அவருக்கு ஒரு மெழுகுதிரிக் கட்டும் டின்மீன் இரண்டும் கொடுத்து வாயை அடைத்தேன்.

கொடியை இறக்கும்போதுதான் சிக்கல். பாதிக் கம்பத்தில் கயிறு இறுகிக்கொண்டது. இழுத்தேன், தொங்கினேன், அசையவில்லை. அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். அரை மணியில் எதிர்த் தெருத் தூதரகத்திலிருந்து தொலைபேசி. தாழ்ந்த குரலில், "எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். காலமானது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்றார்கள். தூரிட் விளக்கி முடிப்பதற்குள் இன்னொரு தூதரகத்திலிருந்து வெள்ளைப் பூங்கொத்து வந்து சேர்ந்தது. வைப்பதற்குச் சாடிகள் இருந்தன, தண்ணீரும் தயாராக இருந்தது.

அன்று மாலையே வீட்டில் தொலைபேசியை எடுத்தேன். முதலில் சிவத்துக்கு.

"சிவம், தூதரகத்தை மூடுகினம். மேடம் அசையக்கூடாதெண்டு உத்தரவு."

"அப்ப அவ வரமாட்டாவோ?"

"என்ன செய்யிறது, இயற்கை."

"சரி மாஸ்டர், அவ வராட்டிப் பறவாயில்லை. சனம் வரும்தானே. சென்னை ஆக்கள் ஞாயிறு திரும்பீனம், அரங்கேற்ற நாளை மாத்தேலாது."

ஆனால் தூதரகம் மூடுகிறது என்ற செய்தி சிவத்தின் வீட்டோடு நிற்கவில்லை. நான் நிற்கவிடவும் இல்லை. அன்றும் மறுநாளும் என் தொலைபேசி ஓயவில்லை. இவ்வளவு பேர் என்னிடம் ஒன்றைக் கேட்டு அறிய வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நானும் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திச் சொன்னேன்.

வெள்ளி மத்தியானம் தூரிட் வானொலியைக் கேட்டுவிட்டு வந்தார். புயல் மேற்குக் கரையில் ஸ்தவாங்கர் பக்கம் அடித்துவிட்டு வடக்கே திரும்பிவிட்டதாம். ஒஸ்லோவுக்கு ஒன்றுமில்லை. அப்போதே நான் வீட்டுக்கு ஓடி, ஒவ்வொருவராக அழைத்து, "நான் சொன்னது பிழை, நாளைக்குப் போங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மேடம் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும். அதைவிட, இரண்டு நாளாக எல்லாம் தெரிந்தவனாக இருந்துவிட்டு ஒன்றும் தெரியாதவனாக மாறுவதற்கு மனம் வரவில்லை. அன்று மாலை அழைத்தவர்கள், "மாஸ்டர், நாளைக்குப் போகலாமோ?" என்று கேட்டார்கள். "அது உங்கடை இஷ்டம். நாங்கள் குளியல் தொட்டியிலை தண்ணி நிரப்பியாச்சு" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மண்டபத்தைக் காலியாக்கியது அந்த வாக்கியம்தான்.

சனிக்கிழமை வெயில் எறித்தது. ஐப்பசியில் அப்படியொரு நாளை ஒஸ்லோவில் நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. என் மனைவி புஷ்பம் யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "உங்கடை புயல் எங்கையப்பா?" என்றாள். நான் டையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் வரிசை வரிசையாகக் கதிரைகள். முன்வரிசையில் சிவத்தின் சொந்தங்கள். ஸ்தவாங்கரிலிருந்து அவருடைய தங்கை குடும்பம் விடிய விடியக் கார் ஓடி வந்திருந்தது.

"எங்கடை வேலியைக் காத்துத் தூக்கிக்கொண்டு போட்டுது, மாஸ்டர்" என்றார் தங்கையின் கணவர். "அதைத் தேடாமல் வெளிக்கிட்டு வந்தனாங்கள். இஞ்சை என்ன, ஒருத்தரும் இல்லை?"

புயல் அடித்த ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். அடிக்காத ஊர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தது. மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த மிருதங்கக்காரர் என்னைப் பார்த்து, "புயல்னு யாரோ சொன்னாங்களாமே சார்? இந்தக் காத்து எங்க பீச்ல சுண்டல் சாப்பிடறப்போ அடிக்கும்" என்றார்.

நான் கடைசி வரிசையில் தூணோரமாக இருந்தேன். சிவம் தேடி வந்தார்.

"மாஸ்டர், முன்னுக்கு வாங்கோ. பிரதம விருந்தினர் கதிரை வெறுமையாக் கிடந்தால் பிள்ளைக்கு வடிவில்லை. நீங்கள் தூதரகத்து ஆள்தானே."

மறுத்தேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். குத்துவிளக்கு ஏற்றவைத்தார்கள். மேடத்துக்கென்று வாங்கிய பொன்னாடையை என் தோளில் போர்த்தினார்கள். ஒலிவாங்கியையும் கையில் தந்தார்கள். வெற்றுக் கதிரைகளைப் பார்த்து, "பெருந்திரளாக வந்திருக்கும்" என்று தொடங்கிவிட்டேன், பழக்கதோஷம். புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அபிராமி ஆடினாள். அலாரிப்பில் கண்கள் இடம் வலமாக ஓடும். அவள் கண்கள் இடப்பக்கம் போயின, அங்கே வெற்றுக் கதிரைகள். வலப்பக்கம் போயின, அங்கேயும் அதுதான். ஒரு தாளமும் தவறவில்லை. நானூறு பேருக்கு ஆடுவதுபோலவே ஆடினாள். நான் பட்டுப் பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை யன்னல் நாடாவைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். (அந்தப் பசை அடுத்த இளவேனில் வரை போகவில்லை.) மேடம் அருகில் வந்து, சனிக்கிழமை எப்படிப் போனது என்று கேட்டார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

"நான் வந்திருப்பேனே" என்றார். "சனிக்கிழமை முழுக்கத் தனியாக இருந்து, வெயிலைப் பார்த்துக்கொண்டு டின்மீன் சாப்பிட்டேன். இந்த ஊரில் ஒருவரும் என்னை எங்கேயும் கூப்பிடுவதில்லை."

அன்று மாலை பொன்னாடையை எடுத்துக்கொண்டு சிவத்தின் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். சிவம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அபிராமி அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, நீங்கள் அவவைக் கேக்கவே இல்லையா?"

"இல்லை பிள்ளை."

"கேட்டிருந்தால் அவ 'நை' எண்டு சொல்லியிருப்பா. அவ்வளவுதானே?"

'நை' என்றால் நோர்வே மொழியில் 'இல்லை'; அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் பயந்திருந்தேன். மண்டபம் எடுத்து, நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லி, மேடத்தையும் கூட்டிவந்து, இன்னொரு தரம் வைப்போம் என்றேன். அவள் தலையாட்டினாள், இல்லையென்று.

"அரங்கேற்றம் ஒருக்காத்தான் மாமா. நான் ஏறிட்டன்."

வீடு வீடாக மட்டும் போனேன். நான் புயல் சொன்ன எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, அது என் பொய் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் தேத்தண்ணி தந்தார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். சிவம் என்னோடு நெடுங்காலம் கதைக்கவில்லை, மின்தூக்கியில் தலையை மட்டும் அசைப்பார். எங்கள் வீட்டில் நான் சோறு வெந்துவிட்டது என்றால் புஷ்பம் இப்போதும் மூடியைத் திறந்து பார்க்கிறாள். என் பேரப்பிள்ளைகள் வெளியே போகுமுன் என்னிடம், "அப்பப்பா, குளியல் தொட்டியிலை தண்ணி பிடிச்சாச்சோ?" என்று கேட்கிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து சிவம் படியேறி வந்தார். கையில் அபிராமியின் கல்யாணக் காட்.

"நான் என்ன உதவி செய்ய, சிவம்?"

"நீங்கள் ஒருத்தருக்கும் போன் எடுக்காமல் இருந்தால் போதும், மாஸ்டர்."

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது மாசியில். கல்யாணத்தன்று விடியக் கண்ணைத் திறந்தால் ஊரே பனிக்குள். ரயில் ஓடவில்லை என்றார்கள். அதற்குப் பதிலாக விட்ட பஸ், மண்டபத்திலிருந்து எட்டத்தில் ஒரு வளைவில்தான் இறக்கிவிடுமாம். அங்கிருந்து வழி தெரியாது, நடைபாதையும் தெரியாது. என் கை தொலைபேசிக்குப் போனது.

"கையை எடுங்கோ" என்றாள் புஷ்பம்.

எடுத்தேன். பனி வழிக்கும் சவளைத் தூக்கிக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். பஸ் நின்ற இடத்திலிருந்து மண்டப வாசல் வரை ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வழித்தேன். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் பட்டுச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு இறங்கியவர்களிடம், "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று காட்டினேன். முன்பு நான் கதவு தட்டிய வீடுகளின் முகங்கள்தாம் முக்கால்வாசியும். வழித்த பாதையைப் பனி மறுபடி மூடியது. மறுபடி வழித்தேன்.

கடைசியாகப் பெண்ணின் கார் வந்தது. பனியில் ஊர்ந்து வந்து என் அருகே நின்றது. பின் கண்ணாடி இறங்கியது. உள்ளே நெற்றிச்சுட்டியும் மாலையுமாக அபிராமி. முன்னிருக்கையில் சிவம்.

"மாமா, மண்டபத்திலை ஆக்கள் இருக்கினமோ?"

"நிக்க இடமில்லை பிள்ளை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் குனிந்தாள். "அப்பா, நீங்கள் ஒருக்கா இறங்கிப் பாத்திட்டு வாங்கோ."

சிவம் இறங்கினார். பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் வழித்த பாதையால் மண்டபம் வரை நடந்து போனார். கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி, நின்று பார்த்தார். நானும் அவளும் காத்திருந்தோம். அவர் திரும்பி வந்து, என் கையிலிருந்த சவளை வாங்கிப் பனிக்குள் குத்தி நிறுத்தினார்.

"மாஸ்டர் சொன்னது உண்மைதான்" என்றார் மகளிடம். "இறங்கு பிள்ளை, அவரும் வரட்டும்."